தூக்குவாளியில் மஞ்சள் கரு

பெரியபட்டினம்
20.2.2024

அன்புள்ள பொன்னுச்சாமி அண்ணனுக்கு,

சுலைகா எழுதுவது. நீங்களும் பூங்கோதை மதனியும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே நானும் மகள் சஃபாவும் இருக்கிறோம். வேறென்ன எழுத.

மச்சான் மவுத்தாகி இந்த வாரத்தோடு ஒரு மாதம். புருஷன் போனவளுக்கு நாலு மாதம் பத்து நாள் இத்தா. அது முடிகிற வரைக்கும் வீட்டை விட்டு இறங்கக் கூடாது, வெளி ஆம்பளைகளோடு பேசவும் வேண்டாம் என்று மாமி சொல்லிவிட்டார்கள். போனும் கூடாதாம். எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் பொடி டப்பாவுக்குள் இதை வைத்துத் தம்பி காஜா நவாஸிடம் கொடுத்துவிடுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள். பிழை இருந்தால் சிரிக்காதீர்கள்.

பொடி பழையபடியேதான். பூண்டு, மஞ்சள், கீழாநெல்லி, நிலவேம்பு. மச்சான் இருக்கும்போதும் நான்தான் இடித்துச் சலித்துக் கொடுப்பேன். அவர் கொண்டுபோய்த் தீவனத்தில் கலப்பார். இறாலுக்கு வயிறு கெடாது என்பார். இப்போது நீங்கள் கலக்கிறீர்களா? இறால் நன்றாகத் தின்கிறதா? மூலையில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு எதற்கு என்று குட்டையைப் பற்றி யாரும் என்னிடம் வாய் திறப்பதில்லை. நீங்களாவது எழுதுங்கள்.

இப்படிக்கு
தங்கை சுலைகா

களிமண்குண்டு
22.2.2024

தங்கச்சி சுலைகாவுக்கு,

பொன்னுச்சாமி எழுதுவது. கேட்டுவிட்டாய், மறைக்க முடியாது. குட்டை சரியில்லை. தண்ணீர் மேல் வெள்ளை வெள்ளையாக நூல் போல இறாலின் கழிவு மிதக்கிறது. தட்டில் வைத்த தீவனம் வைத்தபடி கிடக்கிறது.

உன் பொடியைத் தண்ணீர் தெளித்துப் பிசறித்தான் போடுகிறேன். குட்டையில் வீசியதும் பொடி தனியாகப் பிரிந்து பச்சை ஆடை போல மேலே மிதக்கிறது. தீவனம் வெறுமனே அடியில் போகிறது. உன் மச்சான் கபீர் போட்டால் இப்படி மிதக்காது. நான் வயலைப் பார்த்துவிட்டு வருவதற்குள் அவன் விடியலிலேயே கலந்து உலர்த்தி வைத்துவிடுவான். எப்படிக் கலக்கிறான் என்று கேட்டுக்கொள்ளாமல் விட்டுவிட்டேன்.

மருந்துக் கடைக்காரர் இறாலுக்குப் போடக் கூடாத ஒரு ஆன்டிபயாட்டிக் எடுத்து நீட்டுகிறார். "போட்டு விடுங்கண்ணே, யாரு கண்டா" என்கிறார். கபீர் இருந்தால் அவரையும் என்னையும் சேர்த்துக் குட்டையில் தள்ளியிருப்பான். வேண்டாம். வருகிற வியாழக்கிழமை இருக்கிறதைப் பிடித்துவிடலாம். சிறிசுதான், போகட்டும். அதோடு குட்டையை மூடிவிடுகிறேன். என் நிலம், அவன் பாடு என்று சேர்ந்து செய்தோம். அவன் இல்லாமல் எனக்கு இது ஓடாது தங்கச்சி. கோபிக்காதே.

பொன்னுச்சாமி

பெரியபட்டினம்
23.2.2024

அண்ணனுக்கு,

வியாழக்கிழமை வலை இறக்க வேண்டாம். முதலில் இதைப் படியுங்கள்.

பச்சை ஆடை போல மிதக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தைத் தாண்டி எனக்குப் படிக்க ஓடவில்லை. பொடியை ஒட்ட வைக்க மச்சான் எதையோ சேர்த்திருக்கிறார்.

குட்டையிலிருந்து வரும்போது தூக்குவாளியில் மஞ்சள் கருவாகக் கொண்டுவருவார். எட்டு, பத்து கிடக்கும். உடைந்த முட்டை மலிவாகக் கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். சோற்றுக்கு மஞ்சள் கருவிலேயே ஆணம், மஞ்சள் கருவிலேயே அடை. சலித்துப்போய் ஒருநாள் கேட்டேன். "வெள்ளக்கரு எங்க மச்சான் போச்சு?" "இறாலு தின்னுருச்சு" என்றார். சஃபா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகு தினமும் கேட்பேன், தினமும் அதையே சொல்வார். ஒருநாள்கூட அவர் பொய் சொல்லவில்லை அண்ணே. எனக்குத்தான் விளங்கவில்லை.

வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, பொடியை அதில் குழைத்து, தீவனத்தில் பிசறுங்கள். நிழலில் உலர்த்திவிட்டுப் போடுங்கள். தின்னாத தீவனத்தைக் குறையுங்கள். அந்தக் கடை மருந்து வேண்டாம்.

இத்தா முடிந்து ஒருநாள் நான் இந்தக் கதவைத் திறந்து வெளியே வருவேன். அன்றைக்குப் போவதற்கு அந்தக் குட்டைதான் எனக்கு இருக்கிறது. அதை மூடிவிட்டால் வெளியே வந்தும் உள்ளேதான் இருக்கணும்.

சுலைகா

களிமண்குண்டு
4.3.2024

தங்கச்சிக்கு,

வலை இறக்கவில்லை.

முட்டை விஷயம் படித்ததும் எழுந்து குட்டைக்கு ஓடினேன். கருவேல மரத்தடியில் முட்டை ஓடு எப்போதும் கிடக்கும். ஒருமுறை கபீரிடம், "ஏலே, இங்கன எந்தக் காக்கா முட்டையக் கொண்டாந்து போடுது?" என்று கேட்டேன். "பெரியபட்டினத்துக் காக்காதாண்ணே" என்றான். நானும் மரத்தை அண்ணாந்து பார்த்தேன். உங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன் என்று எனக்கு இப்போதுதான் உறைத்தது. அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீ சொன்னபடி போட்டேன். பொடி பிரியவில்லை. தண்ணீரும் மாற்றினேன், தீவனமும் குறைத்தேன். நோய் எதனால் நின்றது என்று என்னால் சொல்ல முடியாது. தெற்கு மூலையில் இறால் நிறையச் செத்தும் போனது. ஆனால் வெள்ளை நூல் இப்போது இல்லை. தட்டில் எடுத்துப் பார்த்தால் இறாலின் முதுகில் குடல் நிறைந்து கறுப்புக் கோடாகத் தெரிகிறது. நன்றாக வளரட்டும், பிறகு பிடிக்கலாம்.

மஞ்சள் கரு மிஞ்சுகிறது. பூங்கோதைக்குப் பிடிக்காது. கொட்டவும் மனசு வரவில்லை. கபீரின் தூக்குவாளி கொட்டகையில்தான் தொங்கியது. அதிலேயே ஊற்றிக் கொடுத்துவிட்டேன்.

பொன்னுச்சாமி

பெரியபட்டினம்
5.3.2024

அண்ணனுக்கு,

தூக்குவாளி வந்தது. வாசலில் சத்தம் கேட்டதும் சஃபாதான் ஓடினாள். அந்த வாளியின் சத்தம் அவளுக்குத் தெரியும். காஜா நவாஸைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். வாளியை வாங்கிக்கொண்டு மெதுவாக வந்து என் முன்னால் வைத்தாள்.

மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "வெள்ளக்கரு எங்கம்மா?" என்றாள்.

அழக் கூடாது என்று இருந்தேன். "இறாலு தின்னுருச்சு" என்றேன்.

சிரித்தாள் அண்ணே. அவள் வாப்பா போன பிறகு இந்த வீட்டில் யாரும் சிரித்துக் கேட்கவில்லை. உள்ளேயிருந்து மாமி என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார்கள். சிரிக்கிறவளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து வட்டிலப்பம் வைத்தேன். மஞ்சள் கரு மட்டும் என்பதால் கொஞ்சம் கெட்டியாகிவிட்டது. சஃபா சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன்.

வாளியைக் கழுவித் திருப்பி அனுப்புகிறேன். வெறும் வாளியாக அனுப்ப மனசில்லை. புதுசாக இடித்த பொடியை நிறைய வைத்திருக்கிறேன். தீர்ந்ததும் அதே வாளியில் மஞ்சள் கருவைக் கொடுத்துவிடுங்கள்.

தங்கை
சுலைகா