வேட்டியின் மறுமுனை

செம்பாக்கம்
2.4.1991

அன்புள்ள தங்கச்சிக்கு,

கொழுந்தனாரும் நீயும் கூடுவாஞ்சேரிக்குத் தனிக்குடித்தனம் போய் ரெண்டு மாசமாச்சு. இங்கே பிள்ளைங்களுக்குப் பரீட்சை, அத்தைக்கு முட்டிவலி, அடிபம்புல தண்ணி வரலை. பத்துப் பேருக்கும் நான் ஒருத்தியேதான் வடிச்சுக் கொட்டுறேன். நீ கிளம்புற அன்னிக்கு நான் விட்ட வார்த்தையைப் பத்தி எழுத இந்தக் கடுதாசி இல்லை.

நேத்து விடியக்காலையில மாடியில கூழ் வடகம் போட்டேன். ஈர வேட்டியை விரிக்க ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு, "அந்தப் பக்கம் நல்லா இழும்மா"ன்னு பழக்கதோஷத்துல சொல்லிட்டேன். மறுமுனை தரையில கிடந்துச்சு. அப்புறம் உன் பக்கத்துக்கு ஒரு செங்கல்லைத் தூக்கி வெச்சேன்.

ஞாயித்துக்கிழமை இன்னொரு படி அரிசிக்குப் போடணும். செங்கல்லைக் கீழே கொண்டுபோய்ப் போட்டுட்டேன்.

உன் மூத்தவள்