ஓய்வு நாள் கொள்ளு

3-2-64, திங்கள். தாராவி.

காலையில் பந்தய லாயத்தில் கொள்ளு மூட்டை இறக்கப் போனேன். சனிக்கிழமை ஓட வேண்டிய குதிரை பயிற்சியின் நடுவே விறைத்து நின்றது. பின்தொடை பலகையாக இறுகிவிட்டது. மூத்திரம் காப்பி நிறத்தில் போனது.

“க்யா அண்ணா, புழுத்த கொள்ளா கொடுத்தே?” என்று பயிற்சியாளர் பாய்ந்தார்.

என் கொள்ளில் குறையில்லை. குதிரைக்காரன் மாயாண்டி என்னைத் தனியே இழுத்தான். “அண்ணாச்சி, நேத்து அதுக்கு ஓட்டமில்ல. சும்மாதான நிக்கி, நல்லாத் திங்கட்டும்னு ரெண்டு பங்கு வச்சிட்டேன். சொல்லிராதிய, பிள்ளகுட்டிக்காரன்.”

சும்மா நிற்கிற நாளில் தீனியைக் குறைக்காமல் மறுநாள் ஓட்டினால் தசை இப்படித்தான் பூட்டிக்கொள்ளும். பயிற்சியாளரோ வெறும் பிடிப்பு என்கிறார். நாளை விடிந்ததும் நடத்திச் சரிசெய்வாராம். காட்கோபரில் ஒரு வண்டிக்குதிரையை அப்படித்தான் நடத்தினார்கள். சாயங்காலம் செத்துப்போனது.

“குதிரைக்குச் சுளுக்குன்னா நீங்க ஏன் புரளுதிய?” என்கிறாள் வீட்டுக்காரி.

மாயாண்டிக்கு வேலை போனால் என் கடையில் மூட்டை தூக்கட்டும். முதல் ரயிலில் போய் உள்ளதைச் சொல்லிவிடப் போகிறேன். என்னைத் திட்டினாலும் திட்டட்டும். நான் போய்ச் சேரும்வரை அதை லாயத்தைவிட்டு வெளியே இழுக்காமல் இருக்க வேண்டும். இருட்டோடு நடத்தக் கொண்டுபோய்விட்டால் நான் சொல்லியும் பயனில்லை.