தங்கம் வீட்டில் இல்லாத ஐந்து நாள்

1963 ஜூன் 3, திங்கள். ஹட்டன்

விடாத மழை. மனைவி தங்கத்தின் பிரஜாவுரிமைப் பத்திரம் இரண்டு படிப்புக்கும் செல்லும். சொன்னவர் அரசாங்கக் கச்சேரி எழுத்தர். நேரில், இரண்டு முறை கேட்டு உறுதி செய்தேன்.

இனி எந்தப் படிப்பு என்பதுதான் கேள்வி. கண்டியில் நர்ஸ் பயிற்சி: மூன்று வருடம், விடுதி வாசம். இங்கே மருத்துவச்சி வகுப்பு: ஒன்றரை வருடம், தினமும் வீடு திரும்பலாம். தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் எட்டு வருடமாகப் புண் கட்டுகிறவளுக்கு ஆசை கண்டி மேல். தடுப்பது மகள் செல்வி, வயது நான்கு. மனு அனுப்பச் சனிக்கிழமை கடைசி.

தங்கம் சொன்ன வழி: "அஞ்சு நாளு நான் ஆஸ்பத்திரியிலயே தங்கிப் பாக்குறேங்க. புள்ள எத்தன தரம் அழுவுதுன்னு குறிச்சு வைங்க. ஊரு சேதியெல்லாம் எழுதுறீங்க, இத எழுத மாட்டீங்களா?"

மாலை பஸ்ஸில் போய்விட்டாள்.

ஜூன் 4, செவ்வாய்

அழுகை: இல்லை. சடை பின்ன இருபது நிமிடம். முஸ்லிம் கடைக்கார நானா: "என்ன ரிப்போட்டர், புள்ளட ஒரு சடை கண்டியப் பாக்குது, மத்தது கொழும்பப் பாக்குது!" செல்விக்குப் பெருமை: "அப்பா பின்னுனது."

தொழிற்சங்கக் கூட்டத்துக்கு அவளும். தலைவர் பேசி முடிப்பதற்குள் என் குறிப்பு நோட்டில் மூன்று பக்கம் பூனைகள்.

ஜூன் 5, புதன்

லிந்துலைப் பாதையில் மண்சரிவு. உயிர்ச்சேதம் இல்லை. செல்வியையும் கூட்டிப் போனேன். அழுகை: ஒன்று, பிஸ்கட் தேத்தண்ணிக்குள் விழுந்ததால்.

பஸ்ஸில் கேட்டாள்: "அம்மா இப்ப யாருக்கு மருந்து கட்டுறாங்க?" தெரியாது என்றேன்.

"ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியல."

ஜூன் 6, வியாழன்

ஆஸ்பத்திரிக்கு மருந்துப் பெட்டி சுமக்கும் பழனி வந்தான். தங்கம் கொடுத்தனுப்பிய சீட்டில் ஒரே சொல்: "எத்தனை?" 'ஒன்று. பிஸ்கட்டுக்காக' என்று எழுதி அனுப்பினேன். பிறகு யோசனை. பிஸ்கட்டைக் குறிப்பிடாமல் விட்டிருக்கலாம்.

பழனி சொன்னது: "அக்கா மூக்கச் சிந்திக்கிட்டே இருக்காங்க. கேட்டா சளிங்கிறாங்க." ஒருவர் வாய்மொழி மட்டும். உறுதியில்லை.

ஜூன் 7, வெள்ளி

வெயில். நாலரை பஸ்ஸில் தங்கம். செல்வி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். சற்று நேரத்தில் மறுபடி விளையாட்டு. தங்கத்தின் முகம் வாடிவிட்டது.

"என்னத் தேடவே இல்லியாங்க?"

தினமும் தேடினாள் என்று சொல்ல வாய் வரை வந்தது. இருபது வருடத் தொழிலில் நடக்காததை எழுதியதில்லை. "ஒரு தரம் கேட்டா" என்றேன்.

"அப்ப கண்டிக்கே எழுதுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க எத்தன தரம் அழுதீங்க?"

"அதக் குறிக்கச் சொல்லலியே." சிரித்துவிட்டாள்.

சோறு உண்ணும்போது செல்வி, யாரும் கேட்காமலே: "வெள்ளிக்கிழம வருவேன்னு அம்மா என் காதுல சொல்லிட்டுத்தான போனாங்க. அதான் அழுவல."

எனக்கு இது புதுச் செய்தி. தங்கத்தைப் பார்த்தேன். தலை குனிந்தபடி சோற்றைப் பிசைந்தாள்.

"சொல்லாம எப்படிங்க போறது?"

ஜூன் 8, சனி

தூறல். மனு கண்டிக்குப் போனது, பதிவுத் தபாலில், காலை 10.20. தங்கமே கையால் கொடுத்தாள். கூடவே நான் எழுதிய கடிதம் ஒன்று: விடுதியிலிருந்து வீட்டுக்கு விடுவது மாதத்தில் எந்த நாள்? 22ஆம் தேதிக்குள் பதில் வர வேண்டும். அதுவரை செல்வியின் காதில் சொல்ல எங்களிடம் ஒரு நாள் இல்லை.