டிராயிங் மாஸ்டரின் மகன்

கிழக்கு தாம்பரம்
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள காலேப் அண்ணா,

கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கிறிஸ்துமஸ் அட்டையில் எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. ராட்டர்டாமில் உன் போனை உன் காரியதரிசி எடுக்கிறாள், மின்னஞ்சலையும் அவளே படிக்கிறாள். அதனால் நம் வீட்டு விஷயத்தைப் பேனா பிடித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

போன சனிக்கிழமை லோகு அப்பாவுக்குச் சவரம் செய்ய வந்தான். மறந்திருக்க மாட்டாய். கோவளத்திலிருந்து நம் தெருவுக்கு மீன் கொண்டுவந்த அங்காளம்மாவின் மகன், உன்னோடு கோலி ஆடியவன். இப்போது மேற்கு தாம்பரம் மார்க்கெட்டில் சொந்தமாக மீன் கடை வைத்திருக்கிறான். அப்பாவால் தானாகச் சவரம் செய்ய முடியாமல் போனதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் வருகிறான். அன்றைக்கு அவன் மகள் தீபலட்சுமியும் கூட வந்திருந்தாள். "பெரியப்பாவோட பெயிண்டிங் எல்லாம் ஜனவரில சென்னைக்கு வருதாம் அத்தை" என்று போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள்.

நீ ஆங்கிலத்தில் பேசுகிறாய், கீழே தமிழில் எழுத்து ஓடுகிறது. நரைத்த தலை உனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. தீபலட்சுமி சத்தமாக வாசித்தாள். நீ கோவளத்துக் குப்பத்தில் பிறந்தாயாம். உன் அப்பா மீனவராம். உனக்கு ஏழு வயதிருக்கும்போது கடலுக்குப் போனவர் திரும்பவே இல்லையாம். அவர் பின்னிய வலைதான் உன் படங்களில் கட்டம் கட்டமாக வருகிறதாம்.

லோகுவின் கையில் சவரக்கத்தி அப்படியே நின்றது. அது அவனுடைய அப்பா, அண்ணா. கடலோடு போனவர் அவர்தான்.

அப்பாவுக்குத் தொண்ணூற்றைந்து வயது, காது மந்தம். ஆனால் கேட்க வேண்டியது கேட்டுவிடும். கன்னத்து நுரையோடு, "எந்த வருஷம் செத்தேனாம்?" என்றார்.

தீபலட்சுமிதான் "அறுபத்தொண்ணுன்னு போட்டிருக்கு தாத்தா" என்றாள்.

"ஹெப்சி பொறந்ததே அறுபத்துமூணு. அப்போ இவ யாரு?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ போய் நாற்பத்தாறு வருஷம் ஆகிறது. அம்மாவின் அடக்கத்துக்குக்கூட நீ வரவில்லை, நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கட்டங்கள் யாருடையவை என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். கரும்பலகை முழுக்கச் சாக்பீஸால் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் படம் வரையக் கற்றுக்கொடுத்தவர் அப்பா. தாம்பரத்தில் பாதிப் பேருக்கு அந்தக் கட்டத்தில்தான் கை பழகியது. நீ வலையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கண்காட்சிக்குப் போடும் புத்தகத்தில், "தந்தை ஜீவரத்தினம், டிராயிங் மாஸ்டர், தாம்பரம்" என்று ஒரு வரி சேர்த்துவிடு. அப்பா தானாகக் கேட்க மாட்டார். ஆனால் மறுநாள் காப்பி குடிக்கும்போது, "அவன் புஸ்தகம் எப்போ வருதாம்?" என்றார். அதற்குமேல் அவர் எப்படிக் கேட்பார்?

அன்புத் தங்கை,
ஹெப்சி


ராட்டர்டாம்
19 ஆகஸ்ட் 2025

என் பிரியமான ஹெப்சிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கோபத்தில் எழுதியிருக்கிறாய், நியாயம்தான். ஆனால் நான் சொல்வதையும் கேள்.

இங்கே வந்து ஐந்து வருடம் துறைமுகக் கிடங்கில் பெட்டி தூக்கினேன். குளிரில் விரல் மடங்காது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் படம் போடுவேன். எத்தனை படக்கூடங்களுக்குத் தூக்கிக்கொண்டு போனேன் தெரியுமா? கட்டம் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "இது எங்கள் ஊர்க்காரர்கள் எப்போதோ செய்து முடித்தது, இந்தியாவிலிருந்து வந்து இதை ஏன் போடுகிறாய்?" என்பார்கள். 1984இல் முதல்முறையாக ஒரு விமர்சகர் நின்று பார்த்தார். "இது வலையா?" என்றார். ஆமாம் என்றேன். "உன் தந்தை மீனவரா?" என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். அவ்வளவுதான், ஹெப்சி. இரண்டு ஆமாம். அடுத்த வாரம் பத்திரிகையில் வந்தது, நான்கு படம் விற்றது. டிராயிங் மாஸ்டர் மகன் அவர்களுக்கு வேண்டாம். அதற்குப் பிறகு எப்படித் திருத்துவது?

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. தயவுசெய்து யாரிடமும் பேச வேண்டாம், லோகுவிடமும் சொல்லிவை.

இன்னொன்று. கண்காட்சியின் முதல் அறையில் வைக்க அப்பாவின் படம் ஒன்று கேட்கிறார்கள். லோகு வீட்டில் அவன் அப்பாவின் பழைய போட்டோ ஏதாவது இருக்கும். எதற்கென்று சொல்லாமல் ஒரு நகல் எடுத்து அனுப்ப முடியுமா? உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அன்புடன்,
காலேப்


கிழக்கு தாம்பரம்
6 செப்டம்பர் 2025

அண்ணா,

எதற்கென்று சொல்லாமல் கேட்கச் சொன்னாய். நான் சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். உன் கடிதத்தை லோகுவுக்கு முழுதாக வாசித்துக் காட்டினேன். அவன் சொன்னதை அவன் வாயால் சொன்னபடியே எழுதுகிறேன், நீ பிறந்ததாகச் சொல்லும் குப்பத்துப் பேச்சைக் கொஞ்சம் கேட்டுக்கொள்.

"எங்க நைனாவ எவன்மா போட்டோ புடிச்சான்? ஒரு போட்டோவும் இல்ல. எங்கம்மா அழுதுகினே மூக்கு இப்டி, நெத்தி இப்டின்னு சொல்லச் சொல்ல மாஸ்டர் வரைஞ்ச படம்தான் வூட்ல கீது. அத்த வேணா எடுத்துக்கச் சொல்லு. கீழ மாஸ்டர் கையெழுத்து கீது, மறைக்காம மாட்டணும். அவனுக்கு இன்னா கேடு? அவன் அப்பாதான் குத்துக்கல்லாட்டம் கீறாரே, எங்க நைனா இன்னாத்துக்கு?"

சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டான். எழுபது வயது மனிதன், தோள் குலுங்குவதை நான் பார்த்தேன். உன்மேல் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் அப்போதே போய்விட்டது.

பொய் சொன்னாய், சரி, வயிற்றுப்பாட்டுக்குச் சொன்னாய் என்று வைத்துக்கொள்கிறேன். இப்போது உனக்கு என்ன பசி? அடுத்தவன் அப்பா முகத்தைச் சுவரில் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு என்ன பசி?

இனி நான் கெஞ்ச மாட்டேன். நீ பேப்பரில் உண்மையைச் சொல். சொல்லாவிட்டால் கண்காட்சி திறக்கும் அன்று அப்பாவுக்கு வெள்ளை வேட்டி சட்டை போட்டு, வீல்சேரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து முன்வரிசையில் நிறுத்துவேன். உன் கடலில் செத்தவர் எழுந்து வந்திருக்கிறார் என்று எல்லோரும் பார்க்கட்டும்.

ஹெப்சி


ராட்டர்டாம்
20 செப்டம்பர் 2025

ஹெப்சி,

அப்படி மட்டும் செய்துவிடாதே. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

எனக்கு எழுபத்தொரு வயது. இப்போது உண்மையைச் சொன்னால் வெறும் பொய்யன் என்று ஆகிவிடும். படங்கள் பொய்யில்லை, ஹெப்சி. நாற்பது வருடம் ஒவ்வொரு கோடும் நான் இழுத்தது. கதை போனால் படத்தையும் இறக்கிவிடுவார்கள். சென்னைக்குப் பிறகு இன்னும் இரண்டு நகரங்களுக்குப் போகிறது. எல்லாம் முடியட்டும். ஒரு வருடம் பொறு. அதற்குப் பிறகு நானே எழுதுகிறேன், சத்தியமாக.

அப்பாவின் உடம்பு இரும்பு. நூறைத் தாண்டுவார். இந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டு. அவர் எப்போதும் என் பக்கம்தான் பேசுவார், உனக்கே தெரியும். ஒரு வருடம் அவருக்குப் பெரிய விஷயமில்லை.

காலேப்


கிழக்கு தாம்பரம்
10 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணா,

அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வெளியூரில் யாராவது இருந்தால் சொல்லிவிடுங்கள் என்றார். அப்பா உன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். கண்ணைத் திறக்கும்போதெல்லாம், "அவன் எழுதினானா? பேப்பர்ல வந்துச்சா?" என்கிறார்.

வீல்சேர் மிரட்டலை விட்டுவிட்டேன். இனி அவரை எங்கே தள்ளிக்கொண்டு போவது? நீ உண்மையைச் சொல்லி, அதை அச்சில் அவர் பெயரோடு பார்த்துவிட்டால் நிம்மதியாகக் கண்ணை மூடுவார். அதைக் கையில் எடுத்துக்கொண்டு வா. இல்லாமல் வாசற்படி ஏறாதே. போனும் செய்யாதே, எடுக்க மாட்டேன். வாயால் சொல்வதை நாளைக்கு இல்லை என்பாய்.

சீக்கிரம் அண்ணா. நாள் அதிகமில்லை.

அன்புத் தங்கை,
ஹெப்சி


ராட்டர்டாம்
3 நவம்பர் 2025

என் அருமை ஹெப்சிக்கு,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் கிடைத்த அன்று முழுக்க வேலைக்கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மறுநாள் இங்கிருக்கும் பெரிய பத்திரிகையின் நிருபரை நானே அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கரும்பலகை, சாக்பீஸ், அப்பா ஸ்கேலை வைக்காமலே நேர்கோடு இழுப்பது, லோகுவின் அப்பா, அந்த இரண்டு ஆமாம். அந்தப் பெண் எழுதிக்கொண்டே என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன்.

சனிக்கிழமை முழுப்பக்கம் வந்தது. திங்கட்கிழமை சென்னைக் கண்காட்சியை ரத்து செய்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் என் படங்களை விற்றவர் இரண்டு வரியில் கடிதம் எழுதி முடித்துக்கொண்டார். காரியதரிசியும் நின்றுவிட்டாள். இப்போது என் போனை நானே எடுக்கிறேன், பெரும்பாலும் திட்டுகிறார்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன், நேற்று ஒரு கட்டம் போட்டேன். அது வலை மாதிரி இல்லை. கரும்பலகை மாதிரி இருந்தது.

பத்திரிகைப் பக்கத்தைக் கூரியரில் வைத்திருக்கிறேன். மொழி அப்பாவுக்குப் புரியாது. மூன்றாவது பத்தியில் அவர் பெயர் இருக்கிறது, சிவப்பில் கோடு போட்டிருக்கிறேன். அவர் விரலை எடுத்து அதன்மேல் வை. விசா கைக்கு வர நாளாகும், இந்த மாதம் 28ஆம் தேதி காலையில் வந்துவிடுவேன். அதுவரை அவரை எப்படியாவது பிடித்துவை, ஹெப்சி. அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

உன் அண்ணன்,
காலேப்


கிழக்கு தாம்பரம்
14 நவம்பர் 2025

அண்ணா,

உன் கூரியர் நேற்று வந்தது. வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அப்பாவுடைய நாற்பதாம் நாள் ஜெபக்கூட்டம்.

ஆமாம், அப்பா அக்டோபர் நாலாம் தேதியே போய்விட்டார். கஞ்சி, டாக்டர், கண்ணைத் திறந்து உன்னைக் கேட்டது எல்லாம் பொய். நான் அதை எழுதியபோது அவர் நம் அம்மாவுக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் இருந்தார். உயிரோடு இருந்தவரை நீ நாற்பத்தொரு வருஷம் செத்தவராக வைத்திருந்தாய். செத்தவரை நான் நாற்பத்தொரு நாள் உயிரோடு வைத்திருந்தேன்.

ஏன் என்று கேட்பாய். ஒரு வருடம் பொறு என்று நீ எழுதிய கடிதம் மூன்றாம் தேதி சாயங்காலம் வந்தது. வாசித்துக் காட்டச் சொன்னாயே, காட்டினேன். ஒரு வரி விடவில்லை. அப்பா கடைசி வரை கேட்டார். "ஒரு வருஷமா?" என்றார். விரலை மடக்கி ஏதோ எண்ணிப் பார்த்தார். "கஷ்டம்தான். பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். காலையில் காப்பி கொண்டுபோனேன், எழுந்திருக்கவில்லை. நூறைத் தாண்டுவார் என்றாயே.

அன்றைக்கே தந்தி மாதிரி இரண்டு வார்த்தை உனக்கு அனுப்பியிருக்கலாம். நீ அழுதிருப்பாய். பூ அனுப்பியிருப்பாய். ஜனவரியில் வந்து மாலை போட்டுக்கொண்டு, கடலில் செத்த அப்பாவைப் பற்றி மேடையில் பேசியிருப்பாய். அதற்கு நான் விடுவேனா? அவர் சாகிறார் என்றால்தான் உன் வாயிலிருந்து உண்மை வரும் என்று தெரிந்தது. வந்தது. பழிவாங்கினால் மனசு ஆறாது என்று சபையில் சொல்வார்கள். எனக்கு நன்றாகவே ஆறியது. உன் முழுப்பக்கத்தைத் தீபலட்சுமி போனில் மொழிபெயர்த்து வாசித்தபோது ஜெபத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். நான் இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னேன்.

நீ பட்டினி கிடந்ததும் குளிரில் பெட்டி தூக்கியதும் நிஜம். படமும் உன் கை போட்டதுதான், அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். உனக்காக அழுதும் இருக்கிறேன். ஆனால் அப்பாவின் விரலை எடுத்து வைக்கச் சொன்னாயே, உன் ஒரு வருடத்தை எண்ணி மடங்கிய விரல் அது, அந்த இடத்தில் மட்டும் என்னால் உன்னை மன்னிக்க முடியவில்லை.

அடக்கத்தைப் பற்றியும் தெரிந்துகொள். இறந்த அன்று சனிக்கிழமை. லோகு வந்து, யாரும் சொல்லாமலே, கடைசியாக ஒருமுறை சவரம் செய்துவிட்டான். மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். போதகர் ஐயர் ஜெபித்துவிட்டு, "மூத்த மகன் முதலில் மண் போடட்டும்" என்று சுற்றிலும் பார்த்தார். புது ஐயர், நம் வீட்டுக் கதை அவருக்குத் தெரியாது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் லோகுவின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தேன். "நான் இன்னாம்மா..." என்று பின்வாங்கினான். "போடு" என்றேன். அவன் அப்பாவுக்கு உடலே கிடைக்கவில்லை, அண்ணா. கடலில் யார் மண் போடுவது? குனிந்து மூன்று கைப்பிடி அள்ளிப் போட்டான். மறுநாள் மொட்டை அடித்துக்கொண்டு மீன் கடையைத் திறந்தான். மார்க்கெட்டில் யாருக்கு என்று கேட்டவர்களிடம், "எங்க நைனாவுக்கு" என்றானாம்.

28ஆம் தேதி நான் இங்கே இருக்க மாட்டேன். கோயம்புத்தூரில் என் மகள் ஜோசலின் வீட்டுக்குப் போகிறேன். நீ இருக்கும்வரை திரும்பி வரமாட்டேன். உன் பேப்பரை இதோடு வைத்துக் கூரியரில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீயே கொண்டுபோய் வாசி.

அவன் அப்பாவை நீ எடுத்துக்கொண்டாய், உன் அப்பாவை நான் அவனுக்குக் கொடுத்துவிட்டேன். காலையில் பதினோரு மணிவரை லோகு கடையில்தான் இருப்பான். கல்லறைக்குப் போகலாமா என்று அவனைக் கேட்டுவிட்டுப் போ.

ஹெப்சி
ஜீவரத்தினம் மாஸ்டரின் மகள்