ஏறாத வளையல்

ஏலத்தோட்டம்,
8 ஜூலை 2024

பிரியமுள்ள மொழியக்காவுக்கு,

இங்கே டவர் கிடையாது. நமக்கு ராக்கையா அண்ணன் ஜீப்புதான் தபால். எனக்கு மூன்றாம் மாதம் முடியப்போகிறது. காலையில் மேகம் அடுப்படிவரை வந்து நிற்கிறது. விழித்திருக்கிறேனா, கனவா என்றே தெரிவதில்லை. நீ சொன்ன ரத்தப் பரிசோதனைக்கு அத்தை விடவில்லை. “மூணு மாசத்துல மலை எறங்கக் கூடாது, ஆத்தா” என்கிறார். மாமியார் பேச்சை எப்படி மீறுவது? எனக்குத்தான் ஒரு நோவும் இல்லையே, எதற்கு அக்கா?

உன் தங்கை,
முத்துப்பிரியா

போடி,
9 ஜூலை

அன்புள்ள பிரியாவுக்கு,

எனக்கும் நோவு இருக்கவில்லை. ஏழாம் மாதம் பிரஷர் ஏறி, வலிப்பு வந்து, என் மகள் வயிற்றிலேயே போன பிறகுதான் தெரிந்தது. இப்போது நானே லேபில் இதற்கு ரத்தம் எடுக்கிறேன். நஞ்சுக்கொடி சரியாக ஊன்றாவிட்டால், தாயின் ரத்தத்தில் ஒரு புரதம் குறையும். பிரஷர் ஏற மாதக்கணக்கு இருக்கும்போதே அது எச்சரிக்கும். உன் வீட்டுக்காரர் இலை பழுக்கும்வரை காத்திராமல் ஏலச்செடியின் வேரைப் பார்க்கிறாரே, அது மாதிரி.

ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து வா. என்னைத் திட்டுவதற்காவது வா.

அருள்மொழி

ஏலத்தோட்டம்,
30 நவம்பர்

அக்கா,

அன்று வந்தது நல்லதாயிற்று. புரதம் குறைவு என்று தெரிந்ததிலிருந்து டாக்டர் கொடுத்த மாத்திரையை விடவில்லை. கனவில் உன் மகள் வருகிறாள். ஏலச்செடிகளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறாள், திரும்பிப் பார்ப்பதில்லை.

எட்டாம் தேதி வளைகாப்பு. எப்படி எழுதுவேன்? பிள்ளையைப் பறிகொடுத்தவள் வளையல் போடக் கூடாது என்கிறார் அத்தை. நான் வாய் திறக்கவில்லை. மன்னித்துவிடு.

பிரியா

போடி,
6 டிசம்பர்

பிரியா,

வருத்தம்தான். அம்மா இல்லாத உனக்கு நான்தான் போடுவேன் என்று நினைத்திருந்தேன். போகட்டும். ராக்கையாவிடம் வளையல் கொடுத்திருக்கிறேன். மூன்று வாரம் முன்பு செக்கப்புக்கு வந்தாயே, அன்று அளவெடுத்தது. அது ஏறவில்லையென்றால் சோப்புப் போட்டு ஏற்றாதே. அதற்குள் கை அப்படி வீங்கினால் பிரஷர் ஏறுகிறது என்று அர்த்தம். சபையைப் பார்க்காமல் ஜீப்பில் ஏறு.

அக்கா

ஏலத்தோட்டம்,
12 பிப்ரவரி 2025

என் அக்காவுக்கு,

ஆஸ்பத்திரியில் என் பக்கத்திலேயே கிடந்தாய். வளைகாப்பன்று இங்கே நடந்ததைச் சொல்ல அங்கே வாய் வரவில்லை. நீ அனுப்பியதில் முதல் வளையலே ஏறவில்லை. பிள்ளைத்தாச்சிக்குக் கை பூரிக்கத்தான் செய்யும் என்று அத்தை சோப்பு கொண்டுவரச் சொன்னார். நான் கையை இழுத்துக்கொண்டு உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். அத்தை முழுதும் கேட்டார். பிறகு வளையல் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஜீப்பை எடுக்கச் சொன்னார். அன்றைக்கு என் பிரஷர் நூற்றெழுபது என்பது உனக்குத் தெரியும்.

குறைமாதத்தில் பிறந்த என் மகள் மூன்றரை கிலோ ஆகிவிட்டாள். இன்னும் கருப்பு வளையல் போடவில்லை. பக்கத்து வீட்டு மருதாயி போட வந்தபோது அத்தை தடுத்துவிட்டார். “மொத வளையல அவ பெரியம்மா வந்து போடட்டும். நான் சொன்னது தப்புன்னு எழுது, ஆத்தா” என்றார். எழுதிவிட்டேன்.

நேற்றுக் கனவில் உன் மகள் ஓடவில்லை. நின்று திரும்பிப் பார்த்தாள். கை வெறுமையாக இருந்தது. அவளுக்கும் ஒரு ஜோடி வாங்கிவா, அக்கா. ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் முன்சீட்டு உனக்கு.

பிரியா