இடது கால் மூட்டைகள்

அன்புள்ள அண்ணிக்கு,

புயல் முன்னறிவிப்பு வந்த பிறகும் அண்ணன் ஏன் ஊரைவிட்டுக் கிளம்பவில்லை என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டார் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருவில் வந்து போயிருக்கிறது. அவரிடமே கேட்டும் பார்த்துவிட்டேன்.

சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணன் உயிரோடு இருக்கிறார். கூரைத் தகரம் வெட்டி, வலது காலில் சீழ் வைத்திருக்கிறது. சர்க்கரை மாத்திரைகள் தண்ணீரோடு போய்விட்டன. நாளைக்குள் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்காவிட்டால் பாதம் தங்காது என்று முகாம் டாக்டர் சொல்கிறார். நான் வந்த நிவாரண வண்டி நாளைக் காலை திரும்புகிறது. அவர் வர மறுக்கிறார். மறுக்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது. எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கே சிக்னல் இல்லை. இருந்திருந்தாலும் எழுதித்தான் இருப்பேன். ஃபோனில் நீங்கள் இடையிடையே கேள்வி கேட்பீர்கள், நானும் ஆறுதலாக ஏதாவது சொல்லித் தொலைத்துவிடுவேன். எழுத்தில் எனக்கு அது வராது.

நான் தொண்டராகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நிவாரண வண்டிகளைத் தவிர வேறு எதையும் கடற்கரைப் பக்கம் விடவில்லை. ஆகவே எங்கள் கல்லூரி மண்டபத்தில் பொருள் சேர்த்துக்கொண்டிருந்தவர்களிடம் போய், எனக்கும் ஒரு வேலை கொடுங்கள் என்றேன். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர்தான் எல்லாவற்றையும் நடத்துகிறார். எல்லாரும் அவரை மேனேஜர் என்றே கூப்பிடுகிறார்கள். அவருக்கும் அது பிடித்திருக்கிறது. இருபத்தைந்து வருஷம் வேதியியல் நடத்தியவள் என்று சொன்னதும், அப்படியானால் மருந்துப் பக்கம் போங்கள் என்றார். மருந்துகளில் பாதி காலாவதியானவை. அவற்றைக் குப்பையில் போட்டதும் அந்த வேலை முடிந்துவிட்டது. அடுத்துச் செருப்புப் பக்கம் அனுப்பினார்.

மனிதர்கள் எதையெல்லாம் தானம் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் அண்ணி. மணி கோத்த விருந்து உடுப்பு, பனிக்குப் போடும் கையுறை, மூடி இல்லாத மிக்ஸி ஜாடி. நல்லதும் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. செருப்பும் ஷூவும் மலைபோல் குவிந்துவிட்டன. ஜோடியாகக் கட்டினால் இடம் அடைக்கிறது, இடது காலெல்லாம் ஒரு மூட்டை, வலது காலெல்லாம் ஒரு மூட்டை என்று ஒன்றுக்குள் ஒன்று செருகினால் இரண்டு மடங்கு ஏற்றலாம் என்றார் மேனேஜர். போய்ச் சேர்ந்ததும் அளவு பார்த்து ஜோடி சேர்த்துக்கொள்ளலாம், அங்கே ஆளுக்கா பஞ்சம் என்றார். இரண்டு இடது கால் ஷூக்களைச் செருகிக் காட்டினார். எனக்கும் அது சரியாகவே பட்டது. இடது கால் மூட்டைகள் எங்கள் வண்டியிலும் வலது கால் மூட்டைகள் பின்னால் வந்த வண்டியிலும் ஏறின.

எங்கள் வண்டியை ஓட்டுபவருக்கு ஹாரன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மெதுவாகப் பேசவே தெரியாதவர். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். விழுந்த மரங்கள், வயலுக்கு நடுவே கிடந்த படகு, சுவர் இல்லாமல் நின்ற மாடிப்படி, எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. வாட்டர் பாட்டில்கள் சரிந்துவிடுமோ என்பது மட்டும்தான் கவலையாக இருந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் போலீஸ்காரர் நிறுத்தி, பாலம் ஒரு வண்டிக்கு மேல் தாங்காது, அடுத்த வண்டி வடக்கே உள்ள ஊருக்குப் போகட்டும் என்று கையைக் காட்டினார். நாங்கள் நேரே வந்தோம். வலது கால்கள் வடக்கே போய்விட்டன.

பள்ளிக்கூட வராந்தாவில் பொருள்களை இறக்கியபோதுதான் அது மேனேஜருக்கு உறைத்தது. வரிசையில் நின்ற ஒரு பெண் மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, "ஏங்க, எல்லாம் ஒரே காலா இருக்கே?" என்றாள். இன்னொரு கால் பின்னாடி வருதும்மா என்று மேனேஜர் சமாளித்தார். அவளுக்குப் பின்னால் நின்றவர், "அதுவரைக்கும் நாங்க நொண்டி அடிக்கவா சார்?" என்று கேட்டார். முதலில் ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு யாரோ ஒருவர் சிரித்தார், அப்படியே வரிசை முழுக்கப் பரவியது. வீடு போனவர்கள், ஆள் போனவர்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் பிஸ்கட் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகுதான் உங்கள் வீட்டுக்குப் போனேன். தெருவை அடையாளம் தெரியவில்லை, தண்ணீர்த் தொட்டியை வைத்துக் கண்டுபிடித்தேன். முன்னறைக்குக் கூரை இல்லை. சமையலறைக்கு இருக்கிறது. சுவரில் ஸ்விட்ச் பலகை உயரத்துக்குச் சேற்றுக்கோடு. ஃபிரிட்ஜ் மல்லாந்து கிடக்கிறது. கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் டிரம்மின்மேல் அண்ணன் உட்கார்ந்திருந்தார். படகு எஞ்சினுக்கான ஸ்பானர்களை எல்லாம் பொறுக்கி ஜன்னல் விளிம்பில் காயவைத்திருந்தார். கையில் ஒன்றை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போனபோது கையில் இருந்ததேதான் நான் திரும்பும்போதும் இருந்தது.

என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது. புயல் நாளிலிருந்தே அவர் வாயைத் திறக்கவில்லை என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். சாப்பாடு கொடுத்தால் சாப்பிடுகிறாராம். கேட்டால் பார்ப்பாராம்.

டாக்டரை அழைத்து வந்தேன். சின்னப் பெண், சரியாகத் தூங்காத கண். காலைக் கழுவிக் கட்டுப்போட்டுவிட்டு, என்னை வெளியே கூப்பிட்டு, "அக்கா, எப்படியாவது ஏத்திட்டுப் போயிடுங்க. வேணாம்னு இவர் சொன்னாலும் கேக்காதீங்க" என்றாள். அவர் ஒன்றும் சொல்வதில்லையே என்றேன். அது இன்னும் மோசம் என்றாள்.

அப்புறம் நான் பேசினேன். சர்க்கரை என்ன செய்யும், கிருமி எப்படி ஏறும், எலும்பு எப்போது அழுகும் என்று வகுப்பெடுப்பதுபோல் வரிசையாகச் சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. உங்கள் பெயரைச் சொன்னேன். ஸ்பானர் ஒரு கணம் நின்றதுபோல் இருந்தது. நின்றது என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். மகள் பிரசவத்துக்கு நீங்கள் போய் அங்கேயே தங்கிவிட்டதையும், அந்தப் பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போவதையும் சொன்னேன். வீட்டை நான் பூட்டிக்கொள்கிறேன் என்றேன். எந்த வீட்டை என்பதுபோல் கூரை இருந்த இடத்தைப் பார்த்தார்.

இதை வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் கொஞ்ச நேரம் வெளிச்சம் இருக்கும். தூக்கி ஏற்றிவிடலாமா என்று மேனேஜர் கேட்டார். அண்ணனைத் தூக்கி ஏற்றுவதை என்னால் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டேன். முடியாது என்றால் காலை யார் காப்பாற்றுவது என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. நாளைக் காலை வரைக்கும் பார்ப்போம் என்றேன். அழுகை வந்தால் தேவலை என்றுகூட இருக்கிறது. வரவில்லை. மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

*

அண்ணி, மறுநாள் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

விடிந்ததும் நான் வீட்டுக்குப் போனபோது ஹாரன் எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தார். நான் அனுப்பவில்லை. கையில் ஒரே ஒரு கறுப்பு ஷூ, மினுமினுவென்று, யாரோ மாப்பிள்ளை போட்டது மாதிரி. அண்ணன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார். "அண்ணே, இந்த ஊர்லயே குறையில்லாம ஷூ கெடைச்ச ஒரே ஆளு நீங்கதான். மத்தவன் எல்லாம் வலது காலுக்கு என்ன பண்றதுன்னு முழிக்கிறான். உங்களுக்கு வலது காலு கட்டுக்குள்ள கெடக்கு, ஷூவே வேணாம். எங்க மேனேஜர் உங்களை நெனைச்சுத்தான் மூட்டை கட்டியிருக்காரு!"

அண்ணன் ஷூவைப் பார்த்தார். மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று நீங்கள் எடுத்துக்கொண்டால் நான் மறுக்கமாட்டேன். ஸ்பானரை ஜன்னலில் வைத்தார். இடது காலை நீட்டினார். கயிற்றை அவரே இழுத்துக் கட்டினார். ஹாரன் தோளைக் கொடுத்தார், அண்ணன் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்தப் பேச்சினால்தான் எழுந்தாரா, ராத்திரியே தீர்மானித்திருந்தாரா, வலி தாங்கவில்லையா, எனக்குத் தெரியாது. கதவை நான் சாத்தினேன். பூட்டுப் போடக் கொண்டி இல்லை.

வண்டியில் காலிச் சாக்குகளின்மேல் காலை நீட்டிப் படுக்கவைத்தோம். மேடு பள்ளம் வந்தபோதெல்லாம் ஹாரன் உள்ளே திரும்பி, "மன்னிச்சுக்கங்கண்ணே" என்று கத்தினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கும் இடத்தில் ஒரு கிளார்க், தலை நிமிராமல் எழுதுபவர். கூட வந்தது யார் என்று கேட்டார். தங்கை என்றேன். வீட்டுக்காரம்மா இல்லையா என்றார். நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள், சக்கர நாற்காலியிலிருந்து அண்ணனின் குரல் கேட்டது. தொண்டை கட்டியிருந்தது, ஆனாலும் தெளிவாகத்தான் சொன்னார். "ஊருக்குப் போயிருக்கா. வந்துட்டு இருக்கா."

கிளார்க் எழுதிக்கொண்டார். நான் திருத்தவில்லை.

மத்தியானம் அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பாதம் இருக்கிறது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை. சாயங்காலம் கண் விழித்தார். தண்ணீர் கேட்டார், குடித்தார், தூங்கிவிட்டார்.

அங்கே உங்களுக்கு என்னென்ன பொறுப்பு இருக்கிறது, குழந்தையைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தில் நான் யோசனை சொல்வதில்லை, உங்களுக்கே தெரியும். பேத்திக்கு என் முத்தம். அவள் நன்றாக இருக்க வேண்டும், நீங்கள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும்.

இங்கே சாயங்காலத்தில்தான் பார்க்க விடுகிறார்கள். பிரதான வாசலில் நுழையாதீர்கள், கூட்டம். மருந்துக்கடை ஓரமாக ஒரு படிக்கட்டு இருக்கிறது. முதல் மாடி ஏறி இடதுபுறம் திரும்பினால் மூன்றாவது அறை, ஜன்னலோரக் கட்டில்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்