ஆளுப்பாறைச் சுண்ணாம்பு

1943 ஜனவரி 4, திங்கள்

கடும் பனி. காலை எட்டு மணி வரை வண்டி மாட்டின் கொம்பு கூடத் தெரியவில்லை. பொம்மிடி ஸ்டேஷனிலிருந்து இங்கே வருவதற்குள் முதுகு கழன்று போயிற்று. சித்தேரி மலையடியில் பழைய பள்ளிக்கூடக் கொட்டகை ஒன்றை ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள். கூரையில் ஓட்டை. கதவில் தாழ்ப்பாள் இல்லை. முன்பு இருந்த அடையாளம் இருக்கிறது. எனக்காகவே கழற்றினார்களோ என்னவோ.

கொண்டு வந்தவை: படி எடுக்கும் மெல்லிய தாள் பதினைந்து (சண்டைக் காலமாம், அதற்கு மேல் ஒன்று கூடக் கிடையாதாம்). தாள்களைச் சுருட்டி வைக்கத் தகரக் குழாய். லென்ஸ். மண்ணெண்ணெய் அரை பாட்டில். ஓமத் திராவகம். சமையலுக்கு மாணிக்கம். இவனைப் புதைபொருள் இலாகா ஆபீஸில் பெரியவரே சேர்த்துவிட்டார். எனக்குச் சமைக்கவா, என்னைக் கவனித்துச் சொல்லவா, தெரியவில்லை.

பாறையைப் பார்த்தேன். இங்கே அதற்கு ஆளுப்பாறை என்று பெயர். முன்னால் சரிந்து கூரை போல நிற்கிறது. உள்ளே வெள்ளைக் கோட்டில் மனிதர்கள், வில், மான். நடுவில் குதிரைக்காரன் ஒருவன், சுற்றி அவன் ஆட்கள். பதினெட்டு வருஷமாக மற்றவர்கள் கண்டுபிடித்ததை நான் படி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் புத்தகத்தில் அடிக்குறிப்பில் கூட என் பெயர் வராது. இந்தப் பாறை ஒன்றாவது என்னுடையதாக இருக்கட்டும்.

ஆனால் கண்டிராக்டர் துரைசாமி ரோடு ஜல்லிக்கு இதைக் கேட்டிருக்கிறார். பெரியவர் 12ஆம் தேதி நேரில் வருகிறார். பார்த்துவிட்டு ‘புராதனமானது’ என்று கையெழுத்துப் போட்டால் பாறை பிழைக்கும். போடாவிட்டால் வேட்டு.

ஜன. 5, செவ்வாய்

பனி. வயிறு சரியில்லை. மாணிக்கத்தின் கொள்ளு ரசம்.

இரண்டு வில்லாளிகளைப் படி எடுத்தேன். தாளைப் பாறை மேல் அப்பி, நான்கு மூலையும் மாணிக்கம் பிடிக்க, மேலே பென்ஸிலால் கோடு. காற்றில் ஒரு தாள் கிழிந்தது. அவன்தான் விட்டுவிட்டான். கை மரத்துப் போச்சுதாம்.

குதிரைக் கூட்டத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். ஒரு முழுத் தாள் பிடிக்கும். கை நன்றாகப் பழகிய பிறகு தொடலாம்.

சுள்ளி கொண்டு வருகிறவள் மலைக்காரப் பெண், பெயர் சடச்சி. முப்பது வயதிருக்கும். எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுகிறாள், பேசுவதில்லை. நான் தாள்களைச் சுருட்டிக் குழாயில் போட்டு மூடியதை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். திருட்டுப் பார்வை. குழாயைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்க வேண்டும்.

ஜன. 6, புதன்

விபரீதம். நேற்றுப் படி எடுத்த இரண்டு வில்லாளிகளும் இன்று காலை பளிச்சென்று இருக்கிறார்கள். மற்றவர்கள் பழையபடி மங்கல். வெயில் விழுகிற கோணமாக இருக்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். விரலால் தொட்டேன். வெள்ளை ஒட்டியது.

யாரோ புதுச் சுண்ணாம்பு பூசியிருக்கிறான்.

மாணிக்கத்தைக் கூப்பிட்டு விரலைக் காட்டச் சொன்னேன். கட்டை விரலில் சுண்ணாம்பு! “வெத்தல போடறனுங்களே சார்” என்றான். எடுத்த எடுப்பில் பதில். இவ்வளவு தயாராக ஒருவன் பதில் வைத்திருப்பானா?

இன்று மூன்று பேரைப் படி எடுத்தேன், வேண்டுமென்றே ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கிறவர்களாக. கிளம்பும்போது பாறையின் வாசலில் சாம்பல் தூவிவிட்டு வந்தேன்.

ஜன. 7, வியாழன்

அதே மூன்று பேர் மேல் புதுச் சுண்ணாம்பு. வேறு ஒருவர் மேலும் இல்லை. சாம்பலில் ஆட்டுக் குளம்பு மட்டும். ஆடா பூசிற்று? பின்பக்கம் ஒரு சந்து இருக்கிறது, அதை நான் கவனிக்கவில்லை.

பத்து மணிக்குக் கண்டிராக்டர் வந்தார், கையில் வாழைத்தார்.

“சாப்புடுங்க சார், மலைப்பழம். ஏனுங்க, கல்லுல சுண்ணாம்பு கிறுக்குனதப் பாக்கறதுக்கா கவருமெண்டு சம்பளம் குடுக்குது?”

சுண்ணாம்பு என்று இவருக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை. மாணிக்கம் சொல்லியிருக்க வேண்டும், அல்லது பூசச் சொன்னதே இவராக இருக்க வேண்டும். படங்கள் புதியவை என்று ஆகிவிட்டால் ஆதாயம் இவருக்குத்தானே. பழம் வேண்டாம் என்றேன். போன பிறகு மாணிக்கம் நான்கு தின்றான்.

மாலையில் இன்னொன்று. பாறை மூலையில் புதரை விலக்கிப் பார்த்தால் வெள்ளைக் கோட்டில் ஓர் ஆள். கையில் மண்வெட்டி. வில் இல்லை, வேல் இல்லை. காம்பும் வளைவும் ரோடு வேலையில் பார்க்கிற அதே மண்வெட்டி. பழங்கால வில்லாளிகள் நடுவில் இவனுக்கு என்ன வேலை? எவனோ என்னைக் கேலி செய்கிறான். இவனைப் படி எடுக்கவில்லை. எடுக்க மாட்டேன்.

ஜன. 8, வெள்ளி

தூக்கம் இல்லை. காலையில் பெரியவருக்குக் கடிதம். சுருக்கம்: இங்கே யாரோ பொய்ப் படங்கள் தீட்டுகிறார்கள், மண்வெட்டி ஏந்திய உருவமே சாட்சி, கண்டிராக்டர் மேலும் சமையல்காரன் மேலும் சந்தேகம், போலீஸ் ஒருவரை அனுப்பினால் நல்லது. மாணிக்கத்தின் கையிலேயே கொடுத்துப் பொம்மிடி தபாலுக்கு அனுப்பினேன். உறையை அரக்கு வைத்து ஒட்டிவிட்டுத்தான்.

அவன் இல்லாததால் தாளைக் கல் வைத்து நிறுத்தி நானே நான்கு பேரை எடுத்தேன். இன்னும் ஒரு தாள் வீண்.

ஜன. 9, சனி

பிடித்துவிட்டேன்.

விடிந்ததும் பொம்மிடிக்குப் போகிறேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லி வண்டியில் ஏறினேன். ஆலமரம் வரை போய் இறங்கி, ஓடை வழியாகத் திரும்பி, பின்பக்கச் சந்தில் நுழைந்தேன். மாணிக்கமோ துரைசாமியின் ஆளோ இருப்பான் என்று கையில் தடி.

சடச்சி. ஒரு கையில் கொட்டாங்கச்சி, அதில் சுண்ணாம்பு. இன்னொரு கையில் நுனி மென்ற வேப்பங்குச்சி. நேற்று நான் எடுத்த நால்வரில் மூன்றாம் ஆளின் காலைத் தீட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துப் பயப்படவில்லை. அந்தக் காலை முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

“யார் உன்னை ஏவிவிட்டது? துரைசாமியா?”

“அது யாருங்க?”

“ஏன் பூசுகிறாய்?”

“நீங்க எடுத்துட்டீங்க, அதான் மறுபடி வச்சனுங்க.”

எதை எடுத்தேன் என்று கத்தினேன். அவள் கத்தவில்லை.

“தாள அப்பி அப்பி எடுத்தீங்களே சாமி. ஆளு தாள்ல ஏறிட்டான். கல்லுல பாதிதான் மிச்சம். கொழாயில போட்டு மூடிட்டீங்க. பட்டணம் கொண்டு போயிட்டா அவங்க எங்க நிப்பாங்க?”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். மலையை விட்டுப் போய் வேற்றூரில் செத்தவர்களுக்கு இங்கே குழி இல்லை. அவர்களைக் கல்லில் நிற்க வைக்கிறது அவள் குடும்பத்து வழக்கம். தை பிறந்தால் எல்லோருக்கும் ஒரு கை சுண்ணாம்பு. வில்லாளிகள் யார் என்று கேட்டேன். “தெரியாதுங்க. நம்ம ஆளுங்கதான்.” குதிரைக்காரன்? அதுவும் தெரியாது. முப்பாட்டன் காலத்திலேயே தெரியாதாம்.

மண்வெட்டிக்காரன் யார் என்று மட்டும் தெரியும்.

“எங்க வூட்டுக்காரருங்க. மாரப்பன். பர்மாப் பக்கம் ரோடு போட ஆளெடுத்தாங்க. இப்படித்தான் வந்து தாள்ல பேரு ஏத்துனாங்க. ஏத்திக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. கூடப் போனவன் ஒருத்தன் வந்து காய்ச்சல்ல போயிட்டாருன்னு சொன்னான். தாள்ல ஏறுன ஆளு திரும்பறதில்லீங்க சாமி.”

தடியைக் கீழே வைத்தேன்.

ஜன. 10, ஞாயிறு

இருந்தாலும் சந்தேகம். அழகாகச் சொல்லிக் கொடுத்துப் பேச வைத்திருக்கலாம் அல்லவா? காலை முழுவதும் லென்ஸை வைத்துக்கொண்டு பாறையோடு பாறையாகக் கிடந்தேன். சுண்ணாம்பு உதிர்ந்த இடங்களில் அடியில் இன்னொரு கோடு, அதற்கும் அடியில் இன்னொன்று. கடைசிக் கோட்டின் மேல் கல்லே படிந்து மூடியிருக்கிறது, அப்படிப் படியப் பல நூறு வருஷம் ஆகும். குதிரையின் பின்னங்காலில் இது தெளிவு. மண்வெட்டிக்காரனின் அடியில் ஒன்றும் இல்லை, வெறும் பாறை.

அவள் சொன்னது அத்தனையும் நிஜம். பழையதும் நிஜம், புதியதும் நிஜம். இப்படி ஒன்றை நான் எங்கும் பார்த்ததில்லை. சந்தோஷத்தில் மாணிக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். “வெள்ளையா இருக்குதுங்க” என்றான்.

அப்புறம்தான் வெள்ளிக்கிழமைக் கடிதம் நினைவுக்கு வந்தது.

ஜன. 11, திங்கள்

பொம்மிடி போய்த் தந்தி கொடுத்தேன்: முந்தைய கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம், படங்கள் உண்மை. பெரியவர் இந்நேரம் ரயிலேறியிருப்பார். வேட்டி முழுக்கப் புழுதி. வழியில் துரைசாமி வண்டியை நிறுத்தி, “உடம்பு சரியில்லீங்களா சார்?” என்று கேட்டார். அக்கறையாகத்தான் கேட்ட மாதிரி இருந்தது.

திரும்பி வந்து மீதி வில்லாளிகள் மூவரையும் எடுத்தேன். ஒரு தாள் பாக்கி. குதிரைக் கூட்டத்துக்கு.

ஜன. 12, செவ்வாய்

பெரியவர் வந்தார். தொப்பி, கைக்குட்டை, காமெரா. பாறைக்குள் ஐந்து நிமிஷம் கூட நிற்கவில்லை. ஒரு வில்லாளியின் நெஞ்சில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார். வெள்ளை ஒட்டிய விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“ஃப்ரெஷ் லைம்.”

அடியில் பழைய கோடு இருக்கிறது, குதிரையின் காலைப் பாருங்கள் என்று லென்ஸைக் கொடுத்தேன். வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்தார்.

“வெள்ளிக்கிழமை மோசடிங்கறீர், செவ்வாய்க்கிழமை புராதனம்ங்கறீர். நடுவுல என்னவோய் ஆச்சு? மண்வெட்டி வச்சிண்டு நிக்கறான்னு நீரேதானே எழுதினீர்?”

சடச்சியைப் பற்றிச் சொன்னேன். முழுவதும் கேட்டார். பிறகு மாணிக்கத்தைப் பார்த்து, “அந்தப் பொம்மனாட்டி கொட்டகைக்கு அடிக்கடி வருவாளோ?” என்றார். “சுள்ளி கொண்டாரும்ங்க” என்றான் மாணிக்கம், பாவம், வேறு என்ன சொல்லுவான். பெரியவர் தலையை ஆட்டிய விதம் இருக்கிறதே. உடம்பெல்லாம் எரிந்தது.

காமெராவை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. ஒரு படமாவது எடுங்கள் என்று கெஞ்சினேன். பிலிம் வீண் என்றார். ‘பாதுகாக்கத் தக்கதல்ல.’ கையெழுத்து. சாயங்கால வண்டிக்கே திரும்பிவிட்டார்.

சந்தேகப்படுவதே என் தொழில் என்று இருந்துவிட்டேன். அவர் என் சந்தேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜன. 13, புதன். போகி

காலையில் துரைசாமியின் ஆட்கள் பாறை மேல் ஏறிக் குழி போட இடம் குறித்தார்கள். பண்டிகை கழிந்து, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வேட்டாம். அவரிடம் போய்க் கேட்டேன். அவர் பாவம் உட்கார வைத்து மோர் கொடுத்தார். “எனக்கென்னங்க சார், பக்கத்துக் கல்லுன்னாலும் சரிதான். ஆனா கையெழுத்து இதுக்குத்தானுங்களே வந்திருக்குது. வேற கல்லுக்கு மறுபடி எழுதிப் போட்டு, அது வர ஆறு மாசம். ரோடு நிக்குமுங்களா?” சுண்ணாம்பு என்று யார் சொன்னது என்று அதையும் கேட்டுவிட்டேன். “பாத்தாலே தெரியுதுங்களே” என்றார்.

மத்தியானம் குதிரைக் கூட்டத்தின் முன்னால் கடைசித் தாளோடு உட்கார்ந்தேன். சடச்சி வந்தாள். செய்தி அவளுக்கு எட்டிவிட்டது. நான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ உளறினேன். அவள் அதைக் கவனிக்கவில்லை.

“தாள் இருக்குதுங்களா?”

ஒன்று இருக்கிறது என்றேன்.

“அவர ஏத்திக்கங்க.”

யாரை என்று கேட்டேன். மூலையைக் காட்டினாள்.

“இங்க இருந்தா தூளாயிடுவாரு. தாள்ல ஏத்தி உங்க கூடக் கூட்டிக்கிட்டுப் போங்க சாமி.”

குதிரைக் கூட்டத்துக்கு முழுத் தாள் வேண்டும். மாரப்பனும் முழங்கை உயரம். பாதியாகக் கிழித்தால் இரண்டும் அரைகுறை. இந்த ஜில்லாவில் இப்படியொரு குதிரைக்காரனை யாரும் பதிவு செய்ததில்லை. அந்த ஒரு தாள் இருந்தால் பெரியவரையே எதிர்த்து எழுதலாம், என் பெயரைப் போட்டே எழுதலாம். தாளைக் கையில் வைத்துக்கொண்டு குதிரைக்கும் மூலைக்கும் நடுவில் நின்றேன். அவள் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பேன்.

மேல் மூலைகளை மாணிக்கம் பிடித்தான், கீழ் மூலைகளைச் சடச்சி. தாளுக்கு அடியில் மாரப்பன் தெரிந்தார். தோள், முட்டி, மண்வெட்டிக் காம்பு. காம்பின் நுனி கோணலாக வந்தபோது, “நேரா வைங்க, அப்படிப் பிடிக்க மாட்டாரு” என்றாள். அழித்து நேராக்கினேன். அடியில் பெயர் எழுதச் சொன்னாள். எழுதினேன். பதினெட்டு வருஷத்தில் ஒரு படத்துக்கும் பெயர் எழுதியதில்லை, எண்தான் போட்டிருக்கிறேன்.

சுருட்டிக் குழாயில் வைத்தபோது மூடியை அவளே போட்டாள்.

“படுக்க வச்சிறாதீங்க. நிக்கற ஆளுங்க.”

அவள் போன பிறகு குதிரைக் கூட்டத்தைக் கண்ணால் பார்த்து இந்தப் புத்தகத்தில் வரைந்து பார்த்தேன். கழுதை மாதிரி வந்திருக்கிறது.

ஜன. 14, வியாழன். தை முதல் தேதி

பனி இல்லை. மலையில் பறைச் சத்தம். மாணிக்கம் சாமைப் பொங்கல் வைத்தான், நன்றாக இருந்தது, சொல்லவும் சொன்னேன். வண்டி பத்து மணிக்கு.

கிளம்பும் முன் பாறைக்குப் போனேன். எனக்கு முன்பே அவள் வந்து போயிருக்கிறாள். தரையில் கொட்டாங்கச்சி, குச்சி. குதிரைக்காரனுக்கும் அவன் ஆட்களுக்கும் மான்களுக்கும் தடவித் தடவிப் புதுச் சுண்ணாம்பு. நான் எடுக்காமல் விட்ட ஒருவரும் பாக்கியில்லை. கண் கூசிற்று.

நான் எடுத்தவர்கள் மேல் புதிதாக ஒரு பொட்டுக் கூட இல்லை. மாரப்பன் மூலையில் மங்கலாக நின்றார், நேற்று இருந்தபடியே.

ரயிலில். மொரப்பூர் தாண்டியாயிற்று. ஏகக் கூட்டம். குழாயை முழங்கால்களுக்கு நடுவில் நிற்க வைத்துப் பிடித்திருக்கிறேன். எதிர் சீட்டுக்காரர் காலை நீட்ட முடியாமல் மூன்றாம் தடவையாகக் கேட்டுவிட்டார், அதைக் கீழே படுக்கப் போட்டால் என்ன என்று. முடியாது என்றேன்.